புகை விட்ட கதை

புதுவருசம் பிறந்தால் மனிசர் ஏதாவது ஒன்றை விடுவார்கள். சிலர் சீனியை விடுவார்கள். சிலர் சோற்றை விடுவார்கள். என்னோடு குளிசை அடைக்கிற பக்டரியில் நிற்கிற கிருபானந்தன் வருசாவருசம் வேலையை விடப்போவதாகக் கதை மட்டும் விடுவான். இந்தத் தை மாதம் நானும் ஒரு முடிவெடுத்தேன். புகை விடுவது. சும்மா இல்லை. அடர்த்தியாக, பார்க்கிறவன் பயந்துபோய்த் தீயணைப்புப் படைக்குப் போன் அடிக்கிற அளவுக்கு விடுவது.

சிகரட்டைச் சொல்லவில்லை. அதை முந்தின கோடையிலேயே ஜொய்சி நிறுத்திவிட்டாள். ஜொய்சி என் மனிசி. கார்டெரியில், பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், வேலை. குழந்தைகளிடமிருந்து சூப்பியைப் பறிப்பதில் அந்தக் கார்டெரியிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. சும்மா பறித்தால் பிள்ளை கத்தும். ஒரு கையில் வேறொன்றைக் கொடுத்துவிட்டு மற்றக் கையால் எடுக்கவேண்டும். அப்படித்தான் என் கையிலும் வேப் பேனை என்கிற மின்சாரச் சிகரட்டைத் தந்துவிட்டு, வாயிலிருந்த சிகரட்டை எடுத்தாள். நான் கத்தக்கூட இல்லை. "பிராவோ" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினாள்.

பேனையா அது? எழுதவும் மாட்டாது, புகையவும் மாட்டாது. உறிஞ்ச உறிஞ்சக் கன்னம் உள்ளே போகும். வெளியே வருவது கொசு விட்ட பெருமூச்சு. கோடையில் அதையும் ஒரு மாதிரிச் சமாளித்தேன். குளிர் வந்ததும் மானம் போனது. மொன்றியலில் தை மாதம் வெளியே நிற்கிற எல்லாருடைய வாயிலிருந்தும் ஆவி வரும். நான் பின் பல்கனியில் நின்று பேனையை உறிஞ்சி விடுகிற புகையைவிட, கீழ்வீட்டு மதாம் குப்பை கொண்டுபோகும்போது சும்மா விடுகிற மூச்சு பெரிதாக இருந்தது. அவவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாழ்க்கையில் ஒரு சிகரட் தொட்டதில்லையாம்.

பேனைப் பெருமாளாக்குவது என்று சொல்வார்கள். நான் கத்தோலிக்கன். என்றாலும் இந்தப் பேனையைப் பெருமாளாக்கியே தீருவது என்று நினைத்துக்கொண்டேன்.

பெருமாள் மேல்வீட்டில் இருந்தார்.

கார்ட்டியர்வில்லில் எங்களுடையது மூன்று தட்டு வீடு. நடுத்தட்டில் நானும் ஜொய்சியும். மகள் கலியாணம் கட்டி லொங்குய்ய் போய்விட்டாள். மேல்தட்டில் சூர்யபிரகாஷ் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர். கம்பியூட்டர் கொம்பனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தே செய்வார். பின்னேரங்களில் அவரும் பல்கனிக்கு வருவார். வந்து, உள்ளங்கை நிறைய ஒரு மெசினைப் பிடித்து, ஒரு இழுவை இழுத்து விடுவார் பாருங்கள். புகையா அது? மாதா விண்ணேற்புப் படத்தில் காலடியில் சுருள் சுருளாக இருக்குமே, அந்த மேகம். அது மெல்ல இறங்கி என் தலையைச் சுற்றி, என் பேனையையும் சுற்றி, கீழ்வீட்டு மதாமின் குப்பைப் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

நான் அந்த மேகத்துக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். பிச்சைக்காரன் சாப்பாட்டுக்கடை வாசலில் நிற்பது போல.

ஒருநாள் மேலேயிருந்து குரல் வந்தது.

"என்னண்ணா கையில? டார்ச் லைட்டா?"

"வேப், தம்பி."

"அதுவா? அண்ணா, அதெல்லாம் பழகறதுக்குக் குடுக்கறது. சைக்கிள்ல பக்கத்துல சின்னச் சக்கரம் வச்சுத் தருவாங்களே, அந்த மாதிரி. நீங்க இன்னுமா அத ஓட்டிட்டிருக்கீங்க?"

எனக்கு ஐம்பத்தைந்து வயது. வெட்கமாக இருந்தது.

"அப்ப என்ன வேண்டவேணும்?"

அவர் படியால் இறங்கி வந்தார். மெசினை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. குளிரிலும் ஒரு மெல்லிய சூடு. ஒரு பக்கம் சின்ன வெளிச்சத் திரை. மேலே கண்ணாடித் தாங்கி, அதற்குள் தேன் நிறத்தில் திரவம்.

"பாருங்க, பேட்டரி பெருசு. பவர கூட்டலாம், கொறைக்கலாம். இந்த வளையத்தத் திருப்புனா காத்து எவ்ளோ வேணுமோ அவ்ளோ வரும். உள்ள காயில் இருக்கு. அப்பப்ப மாத்தணும், இல்லன்னா கருகுன வாசனை வரும். உங்க பேனால காத்தும் இல்ல, சூடும் இல்ல. அப்புறம் புகை எங்கேர்ந்து வரும்?"

அவர் திருப்பிக் கேட்டபோது, மெசினைக் கொடுக்க என் விரலுக்கு மனமில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் என் கை சும்மா மடங்கி, இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எழும்பிப் போய் வேறிடத்தில் இருந்தார்.

போய் வாங்குவதுதானே என்பீர்கள். ஜொய்சிக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் ஒரு தும்மல்கூட வரமுடியாது. அவள் வாயால் வாங்கச் சொல்லவேண்டும். அதற்கு முதல் பேனை சாகவேண்டும்.

சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கிற நாள். பேனையை என் காற்சட்டைப் பைக்குள் 'மறந்துபோய்' விட்டேன். வோஷிங் மெசின் சுத்துகிற சத்தத்துக்கு நடுவே டொக் டொக் என்று பேனை அடிபடுகிற சத்தம் கேட்டது. என் காதுக்கு அது கோயில் மணி.

"ஐயோ ஜொய்சி! என்ர பேனை போச்சு!" தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு கையையும் வைத்தேன்.

"எங்க, தாங்கோ பாப்பம்."

"இனி என்னத்தைப் பாக்கிறது? செத்துப்போச்சு. புதுசுதான் எடுக்கவேணும். எடுக்கிறதுதான் எடுக்கிறம், கொஞ்சம் பெரிசா..."

அவள் பேனையைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மூன்றாம் நாள் எடுத்தாள். பேனை முந்தியைவிட நன்றாக வேலை செய்தது. அந்தக் கிழமை முழுக்கச் சோறுதான் புகையிலை மணத்தது.

"மனிசரைப்போலதான் இதுகளும்," என்றாள் ஜொய்சி. "கொஞ்சம் பொறுமையா வச்சால் திருந்தும்."

மேல்வீட்டுப் பெருமாளிடம் போய் அழுதேன். அவர் ஒரு உபாயம் சொல்லித்தந்தார். பேனை செத்தது என்று சொல்லக்கூடாதாம். பெரிய மெசினில்தான் நிக்கொட்டினைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று சொல்லவேண்டுமாம். "வைஃப்கிட்ட 'கொறைக்கிறேன்'னு சொல்லிப் பாருங்கண்ணா. எந்த வைஃபும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது தொடங்கினேன்.

"ஜொய்சி, நான் குறைக்கலாமெண்டு யோசிக்கிறன்."

"சோத்தையோ?"

"நிக்கொட்டினை. ஆனால் உந்தப் பேனையால ஏலாது. வடிவான மெசின் வேணும். உதில கொயில் சரியில்லை. கொயில் மாத்தவேணும்."

"கோயில் மாத்தப்போறியளோ? எங்கட கோயிலுக்கு இப்ப என்ன குறை? பாதர் என்ன நினைப்பார்?"

"கோயில் இல்லையப்பா, கொயில். உள்ளுக்கை சூடாகிற கம்பி."

"ஓ."

அவள் முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டு யோசித்தாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பெண் பார்க்கப் போன அன்று இப்படி அடித்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

"சரி," என்றாள். "எடுப்பம்."

"என்ன?"

"எடுப்பமெண்டுறன். நல்ல விசயம்தானே. நீங்கள் குறைக்கிறதெண்டால் நான் ஏன் மறிக்கப்போறன்? ஞாயிறு பூசை முடிய நானும் கடைக்கு வாறன்."

அந்த இடத்தில் நான் யோசித்திருக்கவேண்டும். மனிசி மாட்டேன் என்றால் அது குடும்பம். மனிசி உடனே ஓம் என்றால் அது பொறி. ஆனால் அந்த நேரம் என் கண்ணுக்கு முன்னால் மேகம்தான் நின்றது.

அவள் கடைக்கு வருவது எனக்கும் தேவையாகத்தான் இருந்தது. மொன்றியலுக்கு வந்து முடி நரைத்துவிட்டது. என்றாலும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். பக்டரியில் எல்லாம் தமிழ். சாமான் வாங்குகிற கடையும் தமிழ். கோயிலும் தமிழ். ஜொய்சிக்குக் கார்டெரிப் பிள்ளைகள் பிரெஞ்சு படிப்பித்துவிட்டார்கள். அவள் கோபத்தில் திட்டுவதே பிரெஞ்சில்தான். எனக்கு விளங்காததால் எங்கள் குடும்பம் சந்தோசமாகப் போகிறது.

வேப் கடையை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடி முழுக்க மூடியிருந்தது. உள்ளே போனேன். கண்ணாடி அலுமாரிக்குள் வரிசை வரிசையாக மெசின்கள். கறுப்பு, நீலம், செம்பு, வெள்ளி. எனக்குக் கால் நகரவில்லை. நகைக்கடைக்குள் ஜொய்சி ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கடைக்காரனுக்கு நெஞ்சு வரை தாடி. அவனுக்கு இங்கிலிஸ் வராது. எனக்கு எதுவுமே வராது. நடுவில் ஜொய்சி நின்றாள்.

"பெரிய புகை வரவேணுமெண்டு சொல்லும்."

ஜொய்சி பிரெஞ்சில் கதைத்தாள். நீளமாகக் கதைத்தாள். என் ஒரு வசனம் பிரெஞ்சில் ஒரு பிரசங்கமாகப் போனது. நடுவில் கையால் என்னைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். தாடிக்காரன் என்னைப் பார்த்தான். செத்தவீட்டுக்கு வந்தவன் பார்க்கிற பார்வை.

"என்ன சொல்லுறான்?"

"நல்ல தெரிவாம். உங்களுக்கு விசயம் தெரியுமாம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. "நிக்கொட்டின் ஸ்ட்ரோங்கா வேணும். இப்ப ஸ்ட்ரோங்கா எடுத்து, பேந்து குறைக்கலாம். சொல்லும்."

அவள் சொன்னாள். தாடிக்காரனின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பா, இருமலா தெரியவில்லை. ஒரு போத்திலை எடுத்து வைத்தான். "ஸான் நிக்கொத்தின்," என்றான், பயபக்தியோடு.

"ஸானோ? அதென்ன ஸான்?"

"ஸான் எண்டால் சுத்தமானது," என்றாள் ஜொய்சி. "கலப்படமில்லாதது. இதுக்கு மேல இல்லையாம்."

"அப்ப அதுதான்! ஸான்! ஸான்!" என்று நான் தாடிக்காரனுக்குப் பெருவிரலைக் காட்டினேன். அவனும் காட்டினான். ஜொய்சியும் காட்டினாள்.

"மெசின் நீலமோ கறுப்போ?" என்று கேட்டாள்.

நான் நன்றாக யோசித்து, என் சொந்தப் புத்தியால், "நீலம்" என்றேன்.

"பிராவோ," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் போத்திலை அவள் எடுத்து, குசினியில் உயரத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"ஏனப்பா பூட்டுறீர்?"

"நஞ்செல்லோ. சின்னப்பிள்ளையளின்ர கைக்கு எட்டக்கூடாது. அதுதான் சட்டம்."

"வீட்டில சின்னப்பிள்ளை ஆர்?"

அவள் திறப்பை இடுப்பில் செருகினாள். "ஒவ்வொரு நாளும் விடிய நானே நிரப்பித் தாறன்," என்றாள்.

அந்த முதல் இழுவையை என்னவென்று சொல்வேன்! வளையத்தை முழுக்கத் திறந்துவிட்டு இழுத்தேன். நெஞ்சு நிறைந்தது. விட்டேன். பல்கனி காணாமல் போனது. மதாமின் குப்பைப் பெட்டி காணாமல் போனது. எதிர்வீட்டுக் கூரை, மரம், வீதியோரம் நிற்கிற கார்கள் ஒன்றும் இல்லை. வெள்ளை மட்டும். அதற்கு நடுவில் நான். மேலேயிருந்து சூர்யபிரகாஷ் கை தட்டினார்.

அடுத்த நாள் தலையிடி தொடங்கியது. கை நடுங்கியது. பக்டரியில் ஒரு பெட்டி குளிசையைத் தலைகீழாக அடைத்தேன். கிருபானந்தன் "என்ன மச்சான்" என்று கேட்டதற்கு அவனுடைய முழுக் குடும்பத்தையும் இழுத்துத் திட்டினேன். இரவில் நித்திரை இல்லை.

"ஜொய்சி, எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு."

"சாமான் ஸ்ட்ரோங் எல்லோ. உடம்பு பழகவேணும். கடைக்காரனும் சொன்னவன், முதல் கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் அடிக்குமாம். கூடிப்போச்செண்டால் சொல்லுங்கோ, குறைச்சு வேண்டுவம்."

"குறைக்கிறதோ? ஆருக்கு? எனக்கோ? ஆம்பிளை தாங்குவன்!"

தாங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். கொஞ்ச நாளில் தலையிடி போனது. கை நடுக்கம் நின்றது. கிருபானந்தனிடம் மன்னிப்புக் கேட்டு, மெசினையும் காட்டினேன். "இதின்ர அடி சும்மா இல்லை மச்சான். என்னையே ஆட்டிப்போட்டுது. நீ எண்டால் செத்திருப்பாய்."

அந்த நாட்களில் ஜொய்சி செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் மெசின் இருக்கும். தாங்கி நிறைந்து, கண்ணாடி துடைத்து, சார்ஜ் ஏறி இருக்கும். கலியாணம் கட்டின புதிதில் தேத்தண்ணிக் கோப்பையை இப்படித்தான் துடைத்து வைப்பாள். இடையில் மகள், வேலை, குளிர், வாடகை எல்லாம் வந்து அந்தக் கோப்பையை யார் வைக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. பஸ் தரிப்பில் நின்று மெசினைக் கையில் உருட்டிக்கொண்டு, இன்றைக்கும் அவள் நிரப்பியிருக்கிறாள் என்று நினைப்பேன். உண்மையைச் சொன்னால், புகையைவிட அந்த நினைப்புத்தான் என்னை இழுத்தது.

ஒருநாள் மெசினை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து மேசையில் அது கிடப்பதைப் பார்த்தபோதுதான் மறந்ததே தெரிந்தது. அன்றைக்கு முழுக்க உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. வெளிப்படியில்கூட மூச்சு வாங்க நடுவில் நிற்காமல் ஏறி வந்திருந்தேன். இதைப் பெருமாளுக்குச் சொல்லவேண்டும் என்று பல்கனிக்கு ஓடினேன்.

"தம்பி, நல்ல சாமான் எண்டால் இப்பிடித்தான் போல. ஒருக்கா இழுத்தால் ரெண்டு நாளைக்கு நிக்குது!"

"அப்படியெல்லாம் நிக்காதே அண்ணா. என்ன ஜூஸ் போடறீங்க?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஸான் நிக்கொத்தின்."

அவர் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொன்னீங்க?"

"ஸான். சுத்தமானது. அதுக்கு மேல இல்லையாம்."

சூர்யபிரகாஷுக்கு அவருடைய கொம்பனி பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறது. அவர் படியில் குந்திவிட்டார். சிரித்தார். இருமினார். கண்ணைத் துடைத்தார். மறுபடி சிரித்தார்.

"அண்ணா... ஸான்னா 'இல்லாம'ன்னு அர்த்தம். சக்கரை இல்லாம, பால் இல்லாம, அந்த மாதிரி. நீங்க ஒன்றரை மாசமா வெறும் ஆவி பிடிச்சிட்டு இருக்கீங்க. ஜலதோஷத்துக்குப் போர்வைய மூடிட்டுப் பிடிப்போமே, அது!"

என் கையில் மெசின் இருந்தது. வெளிச்சத் திரை மினுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை மாதம் நான் தாங்கினேன் என்று நினைத்த அடி, அடியில்லாத அடி.

கோபம் வந்தது. பழிவாங்குவது என்று முடிவெடுத்தேன். அந்தச் சனிக்கிழமை ஜொய்சி மகளைப் பார்க்க லொங்குய்ய் போன நேரம், சூர்யபிரகாஷிடம் கெஞ்சி அவருடைய ஜூஸில் கொஞ்சம் வாங்கினேன். அவர் தரமாட்டேன் என்றுதான் நின்றார். "உங்க உடம்பு இப்போ பழக்கம் விட்டுப்போச்சு, வேணாம்ணா," என்றார். "முப்பது வருசம் பத்தினவன் நான்!" என்றேன்.

தாங்கியைக் கழுவினேன். உண்மையான சரக்கை ஊற்றினேன். பல்கனியில் நின்று, வளையத்தை முழுக்கத் திறந்து, ஒன்றரை மாத ஏக்கத்தையும் சேர்த்து ஒரே இழுவை.

எதிர்வீட்டுக் கூரை எழும்பியது. மரம் சரிந்தது. நான் பல்கனிப் பனிக்குள் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று தெரியாது. நெற்றியில் குளிர்வேர்வை. மத்தியானம் சாப்பிட்ட சோறும் மீன்குழம்பும் பனியில் கிடந்தது. கீழேயிருந்து மதாம் அண்ணாந்து பார்த்து ஏதோ பிரெஞ்சில் கூப்பிட்டா. நான் "மெர்சி" என்றேன்.

ஜொய்சி வந்தபோது நான் சோபாவில் கம்பளியால் போர்த்துக்கொண்டு கிடந்தேன்.

"காய்ச்சல்," என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டாள். மேசையில் கிடந்த மெசினை எடுத்து மணந்தாள். குசினிக்குள் போய் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"குடியுங்கோ."

"ஸான் சீனியோ?" என்று கேட்டேன்.

அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். "ஆர் சொன்னது? மேல்வீட்டுத் தம்பியோ?"

"நீர் என்னை ஏமாத்திப்போட்டீர் ஜொய்சி. அந்தத் தாடிக்காரனுக்கு முன்னால என்னை விசரனாக்கிப்போட்டீர்."

"ஓம்."

"ஓமோ? அவ்வளவுதானோ?"

"வேற என்ன சொல்ல? நீங்கள் இருமேக்க நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறனான். நித்திரையெண்டு நினைச்சியளோ? அடுத்த மூச்சு வருதோ எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறனான். போன வருசம் முழுக்கக் கேட்டனான். இப்ப ஒரு மாசமா நீங்கள் இருமேல்லை. நானும் நித்திரை கொள்ளுறன். உங்களுக்குக் கோவமெண்டால் கோவியுங்கோ."

எனக்குக் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன்.

"எனக்கு நிக்கொட்டின் இல்லையப்பா வேணும்," என்றேன் கடைசியில். "வேலையால வந்து, ஒருத்தரோடையும் கதைக்காமல், வெளியில கொஞ்ச நேரம் நிக்கவேணும். புகை இல்லாட்டி நிக்கிறதுக்கு என்ன சாட்டு? சும்மா நிண்டால் நீர் 'குப்பையைக் கொண்டுபோங்கோ' எண்டுவீர்."

அவள் சிரித்தாள். "சரி, சொல்லமாட்டன். நிண்டுகொள்ளுங்கோ. நானும் வந்து நிக்கிறன்."

"நீர் வந்தால் கதைப்பீர்."

"கதைக்கமாட்டன்."

அடுத்த நாள் பின்னேரம் வந்தாள். தன் தடித்த ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் என் பக்கத்தில் நின்றாள். உண்மையாகவே ஒன்றும் கதைக்கவில்லை. மெசின் உள்ளே மேசையில் கிடந்தது. எங்கள் இரண்டு பேருடைய மூச்சும் வெள்ளையாகப் போய் ஒன்றாகக் கலந்தது. மேலேயிருந்து சூர்யபிரகாஷின் மேகம் இறங்கியது. என் முகம் தன்பாட்டில் அந்தப் பக்கம் திரும்பியது. ஆசை போய்விட்டது என்று யார் சொன்னது? ஜொய்சி என் நாடியைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். அப்போதும் ஒன்றும் கதைக்கவில்லை.

கொஞ்ச நாள் போக மெசினைத் துடைத்து அவளிடமே கொடுத்தேன். உயரத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஒருநாள் ஜொய்சி சொன்னாள், "இந்த ஞாயிறு பூசை முடிய, மண்டபத்தில ஆராவது ஒராள் தான் விட்ட ஒரு கெட்ட பழக்கத்தைப் பற்றிக் கதைக்கவேணுமாம். பாதர் உங்களைக் கேக்கச் சொன்னவர்."

இதுதான் சந்தர்ப்பம். நான் ஏமாந்த கதை எனக்கும் ஜொய்சிக்கும் மேல்வீட்டாருக்கும் தாடிக்காரனுக்கும்தான் தெரியும். சபைக்கு என்ன தெரியும்? வெற்றியை நான் எடுத்துக்கொள்ளலாம்.

"கதைக்கிறன்," என்றேன். "ஆனால் நீர் இடையில வாய் திறக்கக்கூடாது."

"நான் ஏன் திறக்கிறன்?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கீழே மண்டபம் நிறைந்திருந்தது. கோட் போட்டுக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்தேன். முப்பது வருசப் பழக்கத்தை ஒரு மனிசன் தன் சொந்த மனபலத்தால் எப்படி வென்றான் என்று சொன்னேன். ஒருநாள் காலையில் எழும்பி, "றெனோல்ட், இன்றோடு போதும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதாகச் சொன்னேன். அந்தக் காலையில் வெயில் அடித்ததாகவும் சொன்னேன். தலையிடி வந்தபோது ஆண்டவரை நினைத்துத் தாங்கினேன் என்றேன். கிருபானந்தனின் மனிசி கண்ணைத் துடைத்தா. ஜொய்சி முன்வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். நான் முடித்தபோது மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது.

பாதர் மேடைக்கு வந்தார். என் தோளில் கையை வைத்தார். மைக்கை வாங்கி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"மார்கழியில, நத்தார் கரோல் பழகேக்கை, ஜொய்சி வந்து இந்த ஞாயிறுக்கு றெனோல்டின்ர பேரைத் தந்திட்டா, அதுக்கிடையில அவர் புகையை விட்டிடுவார் எண்டும் சொன்னவ, நான்தான் நம்பேல்லை."